இறகால் ஓர் ஈ: தூண்டில் முனையில் ஒளிந்திருக்கும் அறிவியல்

கோழி இறகு ஒன்றைக் கையில் எடுத்து, உங்களால் முடிந்த வேகத்தில் தூர வீசிப் பாருங்கள். எவ்வளவு தூரம் போகும்? ஒரு மீட்டர் போனாலே பெரிது. ஆடி அசைந்து உங்கள் காலடியிலேயே விழுந்துவிடும். ஆனால், அதே இறகைச் சிறிய தூண்டில் முள்ளில் கட்டி, 20 மீட்டர் தொலைவில், ஆற்றின் நடுவில் இருக்கும் பாறையின் நிழலில், ஓர் ஈ வந்து உட்கார்வதுபோல் ஓசையின்றி இறக்கிவிடும் மனிதர்கள் இருக்கிறார்கள். அந்த ஈயை நிஜம் என்று நம்பி மீனும் வாயைத் திறக்கிறது.

இதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபிளை ஃபிஷிங்’ என்று பெயர். நாம் ‘ஈத்தூண்டில்’ என்று வைத்துக்கொள்வோம். பூச்சியைப் போன்ற இரையை இறகு, முடி, நூல் ஆகியவற்றால் கையாலேயே கட்டுவதை ‘ஈ கட்டுதல்’ என்பார்கள். இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியல், உயிரியல், இரசாயனம் மூன்றும் இந்தச் சின்ன முள்ளின் நுனியில் வந்து சேர்கின்றன.

கனம் இரையில் இல்லை, நூலில் இருக்கிறது

நம் ஊர்க் குளத்தில் அப்பாவோ மாமாவோ தூண்டில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நைலான் நூலின் நுனியில் ஈயக் குண்டு ஒன்று இருக்கும். கோலைச் சுழற்றி வீசும்போது அந்தக் குண்டு பறந்துபோகிறது. மெல்லிய நூல் அதன் பின்னால் இழுபட்டுச் செல்கிறது.

ஈத்தூண்டிலில் இது தலைகீழ். இங்கே இரைக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். எடை முழுவதும் நூலில்தான் இருக்கிறது. இந்த நூல் தடிமனானது. பின்னிய இழையின் மேல் பிளாஸ்டிக் பூச்சு கொண்டது. மிதக்கும் வகை நூலின் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் கலக்கப்பட்டிருக்கும். இந்த நூல்களுக்கு எண்கள் உண்டு. உதாரணமாக 5ஆம் எண் நூலின் முதல் 9.14 மீட்டர் ஏறத்தாழ 9 கிராம் எடை இருக்க வேண்டும்; 8ஆம் எண்ணுக்கு ஏறத்தாழ 13.6 கிராம். ஒன்பது கிராம் என்பது சுமார் இரண்டு தேக்கரண்டிச் சீனியின் எடை. அந்த எடைதான் இறகைத் தூக்கிக்கொண்டு போகிறது.

எப்படி? கோலை முன்னால் வீசிச் சட்டென்று நிறுத்தும்போது, நூல் காற்றில் ‘ப’ என்ற எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்ததுபோல் ஒரு வளைவை உண்டாக்குகிறது. வளைவின் கீழ்ப்பகுதி கோலின் நுனியோடு சேர்ந்து நின்றுவிட்டது. மேல்பகுதி மட்டும் முன்னோக்கிப் பறக்கிறது. வளைவு முன்னேற முன்னேற, பறக்கும் பகுதியின் நீளம் குறைகிறது. அதாவது பறக்கும் பொருண்மை குறைகிறது. ஆனால் இயக்கச் சக்தி எங்கே போகும்? மீதமுள்ள சிறிய பகுதியிலேயே தங்குகிறது. இயக்கச் சக்தி என்பது பொருண்மையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது என்று படித்திருப்பீர்கள். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், பொருண்மை நான்கில் ஒரு பங்காகும்போது வேகம் இரண்டு மடங்காக வேண்டும். மாட்டு வண்டிக்காரரின் சாட்டை ‘பட்’ என்று வெடிப்பதற்கும் இதுதான் காரணம்.

உண்மையில் காற்றுத் தடை இந்த வேகத்தின் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. அதுவும் நல்லதற்கே. நூலின் முன்னால், போகப் போக மெலியும் நைலான் இழை ஒன்றைக் கட்டுகிறார்கள். மிச்சமிருக்கும் சக்தி அந்த இழையை நேராக நிமிர்த்துவதில் தீர்ந்துவிடுகிறது. கடைசியில் ஈ, வேகமெல்லாம் இழந்து, பஞ்சு போல் நீரில் இறங்குகிறது.

நீரின் தோல்மேல் நிற்பது

இறங்கிய ஈ மூழ்காமல் மிதக்க வேண்டுமே! அதன் உள்ளே இருப்பதோ இரும்பு முள். இரும்பு நீரைவிட அடர்த்தியானது.

குளத்தில் நீர்ப்பூச்சிகள் நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்போல் செயல்படுகிறது. இதுவே பரப்பு இழுவிசை. தூய நீரில் இதன் அளவு மீட்டருக்கு ஏறத்தாழ 0.072 நியூட்டன். இப்போது ஒரு கணக்கு. ஈயின் எடை 0.05 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதைப் புவி இழுக்கும் விசை ஏறத்தாழ 0.0005 நியூட்டன். இதை 0.072ஆல் வகுத்தால் 0.007 மீட்டர், அதாவது 7 மில்லிமீட்டர் வருகிறது. ஈயின் இழைகள் நீரைத் தொடும் விளிம்பின் மொத்த நீளம் 7 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், நீரின் தோலால் அதைத் தாங்க முடியும்.

சேவலின் கழுத்து இறகைத் தேடிப் பிடித்துக் கட்டுவதன் இரகசியம் இதுதான். அந்த இறகை முள்ளைச் சுற்றிச் சுற்றிக் கட்டும்போது, அதன் விறைப்பான இழைகள் எல்லாப் பக்கமும் சிலிர்த்து நிற்கும். ஒவ்வோர் இழையும் ஒரு பூச்சிக்கால். கோழியின் இறகு மென்மையானது, நீரை உறிஞ்சும். ஆகவே மூழ்கும் ஈக்களுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். மான்முடியின் உள்ளே காற்று நிறைந்த அறைகள் இருப்பதால் அது தக்கைபோல் மிதக்கும். இழைகள் நனையாமல் இருக்க மெழுகோ சிலிக்கோன் பசையோ தடவுவதும் உண்டு.

மீனின் கண்ணால் பார்த்தால்

இப்போது நீங்கள் ஒரு மீன். ஒரு மீட்டர் ஆழத்தில் நின்றுகொண்டு மேலே பார்க்கிறீர்கள். வானம் முழுவதும் தெரியுமா? தெரியும், ஆனால் தலைக்கு நேர் மேலே இருக்கும் ஒரு வட்டத்துக்குள் மட்டும். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், கரையும் மரமும் வானமும் அந்த வட்டத்துக்குள்ளேயே சுருங்கித் தெரிகின்றன. நீரின் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 48.6 பாகை. அதை வைத்துக் கணக்கிட்டால், ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனுக்கு அந்தச் சாளரத்தின் விட்டம் ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர். வட்டத்துக்கு வெளியே நீரின் மேற்பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. முழு அகப் பிரதிபலிப்பால் அங்கே ஆற்றின் அடித்தளம்தான் தெரியும்.

அந்தக் கண்ணாடியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் மீனுக்கு என்ன தெரியும்? ஈயின் உடல் தெரியாது. அதன் கால்கள் அழுத்தும் இடங்களில் மட்டும் கண்ணாடி குழிந்து, ஒளிப்புள்ளிகள் தோன்றும். ஓடும் நீரோடு அந்தப் புள்ளிகள் நெருங்கி வர, மீன் தயாராகிவிடுகிறது. ஈ சாளரத்தின் விளிம்பைத் தாண்டிய பிறகுதான் இறக்கையும் உடலும் நிறமும் தெரியும். ஆகவே, நல்ல ஈ என்பது நம் கண்ணுக்கு அழகான ஈ அல்ல. மனிதர் பார்த்தால் கசங்கிய பஞ்சுபோல் இருப்பது, கீழிருந்து பார்க்கும் மீனுக்கு அசல் பூச்சியாகத் தெரியலாம்.

பூச்சியை இறகால் போலி செய்யும் இந்த வித்தை புதிதன்று. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன், ரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனிய மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இரண்டு இறகுகளைக் கட்டி மீன் பிடித்ததைப் பதிவு செய்திருக்கிறார். கம்பளியும் சேவல் இறகும் இன்றும் ஈ கட்டுபவர்களின் மேசையில் இருக்கின்றன. மயிற்பீலியும் இருக்கிறது. தைப்பூசக் காவடியில் பார்த்த அதே பீலிதான். அதன் பச்சை மினுமினுப்பு சாயத்தால் வருவதன்று. இழைக்குள் வரிசையாக அடுக்கப்பட்ட நுண்ணிய மெலனின் குச்சிகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருகிறது. அதனால் திரும்பும் கோணத்துக்கேற்ப நிறம் மாறும். வண்டின் முதுகும் இதேபோல் மினுங்குவது உண்டு என்பதால், வண்டு ஈக்களுக்கு மயிலிழையைச் சுற்றுகிறார்கள்.

செம்பனைப் பழமும் ஓர் ஈதான்

ஈத்தூண்டில் என்றாலே பலருக்கு இங்கிலாந்தின் குளிர்ந்த ஆறும் டிரவுட் மீனும்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலேயர் தாங்கள் போன இடமெல்லாம் அந்த மீனையும் கொண்டுபோனார்கள். தமிழ்நாட்டின் நீலகிரியில், அவலாஞ்சியில் 1907இல் டிரவுட் குஞ்சு பொரிப்பகமே அமைத்தார்கள். ஆனால் ஜொகூரில் வாழும் நமக்கு வெளிநாட்டு மீன் தேவையில்லை.

ஜொகூர், பகாங் எல்லையில் இருக்கும் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் தெளிந்த ஆறுகளில் கெலா மீன் வாழ்கிறது. பெரிய செதில்களும் வாயோரம் மீசைகளும் கொண்ட கெண்டைக் குடும்பத்து மீன் இது. காவிரியில் வாழும் புகழ்பெற்ற மஹசீர் மீன்களும் இதன் நெருங்கிய உறவினர்களே. கெலா பூச்சியும் தின்னும், சிறு மீனும் தின்னும், கரையோர மரங்களிலிருந்து விழும் பழமும் தின்னும். செம்பனைப் பழம் என்றால் அதற்குக் கொள்ளை ஆசை. தூண்டில்காரர்கள் பழத்தையே இரையாகப் போடுவது வழக்கம்.

ஈ கட்டுபவர்கள் இதைக் கவனித்தார்கள். ஆரஞ்சு நிறச் சாயமேற்றிய மான்முடியையோ நுரைத்துண்டையோ முள்ளில் கட்டி, செம்பனைப் பழத்தின் வடிவில் கத்தரித்தார்கள். பூச்சியே இல்லாவிட்டாலும் அதற்கும் பெயர் ‘ஈ’தான். இதை மென்மையாக இறக்கக் கூடாது; பழம் விழுவதுபோல் ‘தொப்’ என்று விழ வேண்டும். ஏன் தெரியுமா? கெண்டைக் குடும்பத்து மீன்களுக்குக் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சிறு எலும்புகள் வரிசையாக இருக்கின்றன. காற்றுப்பை ஒலியில் அதிர, அந்த எலும்புகள் அதிர்வைக் காதுக்குக் கடத்துகின்றன. ஆகவே கெலா, பழம் விழும் ஓசையைக் கேட்டே ஓடி வரும். அங்கே கண்ணை ஏமாற்றினோம்; இங்கே காதை ஏமாற்றுகிறோம்.

செபாராவ் என்ற மீனுக்கு வேறு உத்தி. அது சிறு மீன்களைத் துரத்தும் வேட்டைக்காரன். நீண்ட மென்மையான இறகுகளால், நீந்தும் குஞ்சுமீன் போன்ற ஈயைக் கட்டி, நூலை விட்டு விட்டு இழுக்கிறார்கள். விரால் குடும்பத்தைச் சேர்ந்த தோமான், காற்றைச் சுவாசிக்க மேலே வந்தாக வேண்டும். அது எழும்பும் குமிழியைப் பார்த்துத்தான் ஈயை வீசுகிறார்கள். தோமான் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும். அருகில் வருவது எதுவானாலும் பசியில்லாமலே தாக்கும். அப்போது அதைப் பிடித்துச் சென்றால், காவலற்ற நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு உணவாகிவிடும். சுலபமாகப் பிடிக்க முடியும் என்பதற்காகப் பிடித்துவிடலாமா என்பதை நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

இறகுக்காக நடந்த திருட்டு

1854இல் ஆல்பிரட் ரஸல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர், அப்போது ஓபிர் மலை எனப்பட்ட லேடாங் மலையில் ஏறினார். ஆம், நம் தங்காக் அருகே இருக்கும் அதே மலை. எட்டு ஆண்டுகள் மலாய்த் தீவுக்கூட்டம் முழுவதும் அலைந்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிரின மாதிரிகளைச் சேகரித்தார். எங்கே, எப்போது கிடைத்தவை என்ற குறிப்புச் சீட்டுகள் அவர் அனுப்பிய பறவைத் தோல்களின் காலில் கட்டப்பட்டிருந்தன. இயற்கைத் தேர்வு என்ற கருத்தை டார்வினைப் போலவே தனியாகக் கண்டடைந்தவர் இவர்.

2009 ஜூன் மாதம், இங்கிலாந்தின் டிரிங் நகர அருங்காட்சியகத்தின் சன்னலை உடைத்து, ஓர் இசை மாணவர் 299 பறவைத் தோல்களைத் திருடினார். வாலஸ் சேகரித்த சில பறவைகளும் அவற்றுள் இருந்தன. எதற்காக? இறகுக்காக! விக்டோரியா காலத்தில் சால்மன் மீனுக்கென்று அரிய பறவைகளின் வண்ண இறகுகளால் ஆடம்பரமான ஈக்களைக் கட்டினார்கள். அந்தப் பழைய முறைப்படியே கட்ட விரும்புகிறவர்கள் இன்றும் அந்த இறகுகளுக்கு அதிக விலை கொடுக்கிறார்கள். திருடர் பிடிபட்டார், ஒரு பகுதித் தோல்கள் மீண்டு வந்தன. ஆனால் அவற்றில் பலவற்றின் சீட்டுகள் வெட்டியெறியப்பட்டிருந்தன.

‘பழைய இறகுதானே’ என்று நினைக்கலாம். அப்படியல்ல. பழைய கடற்பறவைத் தோல்களின் இறகுகளைச் சோதித்தே, கடலில் பாதரசம் எப்படிக் கூடிவந்தது என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இடமும் தேதியும் தெரியாத இறகு, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. சீட்டு போனால் பறவை வெறும் அலங்காரப் பொருளாகிவிடும்.

தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதே ஆபத்து இருந்தது. அதன் கழுத்து இறகில் மெழுகுத் துளி விழுந்ததுபோன்ற மினுங்கும் புள்ளிகள் இருக்கும். ஈயில் கட்டினால் சிறு மீனின் கண்போல் தெரியும். அந்த இறகுக்காக அப்பறவையை வேட்டையாடினார்கள். இன்று இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், மீனுக்கு அரிய இறகு எதுவும் வேண்டியதில்லை. சாயமேற்றிய வீட்டுக்கோழி இறகையே அது நம்பிவிடும். ஆடம்பர ஈ ஏமாற்றுவது மீனை அல்ல, மனிதரை.

விட்டுவிடுவது எப்படி?

“சார், பொய் ஈயைக் காட்டி ஏமாற்றிப் பிடித்துவிட்டு, மறுபடியும் ஆற்றில் விடுவது மீனுக்குக் கொடுமை இல்லையா?” என்று என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. வலியில்லாத தூண்டில் என்று ஒன்று கிடையாது. மீனைப் பிடித்துத் தின்பதைவிட, பிடித்து விளையாடிவிட்டு விடுவது மோசம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மீனை விட்டுவிடுகிறோம் என்று முடிவு செய்தால், அது பிழைக்கும்படி விட வேண்டும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

அதற்கும் அறிவியல் உண்டு. 20 பாகை செல்சியஸ் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். நம் வெப்பமான ஆறுகளில் மீனுக்கு மூச்சு வாங்கக் கிடைப்பது குறைவு. போராடும்போது அதன் தசைகளில் இலாக்டிக் அமிலம் சேர்கிறது. நூறு மீட்டர் ஓடி முடித்த உங்கள் நிலைதான். அதனால் மீனை நெடுநேரம் அலைக்கழிக்கக் கூடாது. எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளைப் பயன்படுத்தினால் எளிதில் கழற்றலாம். கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் வழவழப்பான பூச்சை உரித்துவிடும், அந்தப் பூச்சுதான் கிருமிகளைத் தடுக்கிறது. படம் எடுப்பதற்காக நீருக்கு வெளியே தூக்கிக்கொண்டு நிற்கவே கூடாது.

ஆறு இருந்தால்தான் ஈ

ஈ கட்டக் கற்றுக்கொள்பவர் முதலில் செய்ய வேண்டியது, ஆற்றுக் கற்களைப் புரட்டிப் பார்ப்பது. கல்லின் அடியில் தட்டையான சிறு உயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். மேஃபிளை, கேடிஸ் போன்ற பூச்சிகளின் இளம் உயிரிகள் அவை. மீனின் அன்றாட உணவும் அவைதான். மேஃபிளையின் இளம் உயிரி வயிற்றின் இருபுறமும் இருக்கும் செவுள்களால் நீரில் கரைந்த உயிர்வளியைச் சுவாசிக்கிறது. நீர் கெட்டால் முதலில் மறைவது இத்தகைய உயிர்களே. சேற்றுப் புழுக்கள் மட்டும் மிஞ்சும். எந்தப் பூச்சி இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தே ஆற்றின் உடல்நிலையை விஞ்ஞானிகள் மதிப்பிடுகிறார்கள்.

2019 மார்ச் மாதத்தை ஜொகூர் மறக்காது. பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, நச்சுப் புகை பரவியது. 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். ஆறு கெட்டுவிட்டது என்பதை அன்று பிள்ளைகளின் மூச்சுத்திணறல் நமக்குச் சொன்னது. எல்லா ஆறும் அப்படி உரக்கக் கத்தாது. பல ஆறுகள் பூச்சி பூச்சியாக, ஓசையில்லாமல் சாகின்றன. கல்லைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அது முதலில் தெரியும். ஈத்தூண்டில் தரும் மகிழ்ச்சிகளில் இதையே நான் முதலில் வைப்பேன். மீன் கிடைக்காத நாளிலும் ஆற்றைப் படித்துவிட்டு வரலாம்.

செய்து பாருங்கள்

ஒரு மீட்டர் நீளக் குச்சி இரண்டு எடுங்கள். ஒன்றில் மூன்று மீட்டர் தையல் நூலையும், மற்றொன்றில் அதே நீளத் தடித்த கம்பளி நூலையும் கட்டுங்கள். இரண்டின் நுனியிலும் ஒரே அளவுள்ள சிறு இறகு. முள் வேண்டாம். பள்ளித் திடலில், அருகில் யாரும் இல்லாதபோது, குச்சியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, முன்னால் வீசிச் சட்டென்று நிறுத்துங்கள். எந்த இறகு தூரம் போகிறது என்று அளந்து எழுதுங்கள்.

அடுத்தது, காகிதக் கிளிப்பை நிமிர்த்தி ஒரு துண்டு வெட்டி, அதில் சேவல் இறகை நெருக்கமாகச் சுற்றி நூலால் கட்டுங்கள். கிண்ணத்து நீரில் மெதுவாக வையுங்கள். மிதந்தால், ஒரு துளி பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை நீரில் விடுங்கள். என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று மேலே போட்ட கணக்கைக் கொண்டு விளக்கிப் பாருங்கள்.

ஆற்றுக்குப் போவதானால் பெரியவர்களோடு மட்டும் போங்கள். மலையில் மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் பாய்ந்து வரும். தேசியப் பூங்காவுக்குள் நுழையவும் தூண்டில் போடவும் விதிகள் உண்டு. பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லைப் புரட்டினால், பார்த்து முடித்ததும் இருந்தபடியே திருப்பி வையுங்கள். அதன் அடியில் குடியிருப்பவர்களுக்கு அதுதான் வீட்டுக் கூரை.